சர்வேயர் மூன்று முறை கேட்டார்

கண்ணு,

உறை இத்தனை கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. இங்கே யாரும் சாகவில்லை. எனக்கு இடது முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை; மற்றபடி கேழ்வரகுக் களியைத் தின்று செரிக்கிற அளவுக்கு இருக்கிறேன். வழக்கம்போல மருந்துச்சாலைக் கம்பவுண்டர்தான் எழுதுகிறார். எப்போதும் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, "அவ்வளவுதானுங்களா?" என்று பேனாவை மூடுவார். இன்றைக்கு நான், "நெறையக் காயிதம் எடுத்துக்கோங்க, பொழுது சாயற வரைக்கும் சொல்லுவேன்" என்றேன். சண்டைக் காலத்தில் நல்ல காகிதத்துக்கு எங்கே போவது? மருந்துச் சீட்டுகளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறார். முன்பக்கத்தில் யாருடைய வயிற்றுக்கடுப்பாவது எழுதியிருந்தால் அதைப் படிக்காதே.

உன் கடிதம் போன சந்தை நாளில் வந்தது. கம்பவுண்டர் இரண்டு தரம் வாசித்தார். பரீட்சை நன்றாக எழுதியதையும், உன் அமெரிக்கா சரித்திரக் கட்டுரையை உங்கள் காலேஜ் வாத்தியார், அந்த அமெரிக்கத் துரை, வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதையும், சண்டை ஓய்ந்து கப்பல் ஓடத் தொடங்கினால் உன்னைத் தன் ஊருக்கே அனுப்பி மேலே படிக்க வைப்பதாக அவர் சொன்னதையும் கேட்டு மனசு நிறைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது மனு விஷயம். நம் மலையின் வளப்பூர் நாட்டை அளக்க வந்த சர்வேயர் இன்னும் உயிரோடு இருப்பதையும், பென்ஷன் வாங்கிக்கொண்டு கீழ்நாட்டில் மகள் வீட்டில் காலம் தள்ளுவதையும் நீ விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாய். உன் மாமன் சடையனின் நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாதது என்று அவர் பொய்யாக எழுதிக் காட்டிலாகாவிடம் சேர்த்துவிட்டார் என்று கலெக்டருக்கு மனு எழுதி முடித்துவிட்டாய். அதையே ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறாய். அவருடைய பெயர், ஊர், மகள் குடியிருக்கும் தெரு எல்லாம் அதில் இருக்கிறது. அளந்த நாளில் அவரோடு கூட நடந்தவன் நான் என்பதால், அவர் பொய் எழுதினார் என்று ஒரு சாட்சிக் காகிதத்தில் கைநாட்டு வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய்.

அந்தக் காகிதம் இதோ என் முன்னால்தான் இருக்கிறது. நான் அதில் கை வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். இதை நீ உன் துரைக்கு வாசித்துக் காட்டலாம், உன்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கும் காட்டலாம். யார் கேட்டாலும் எனக்கு மறுப்பில்லை. மறைத்து வைத்த காலம் போதும்.

அமெரிக்கா சரித்திரம் படிக்கப் போவதாக நீ வந்து சொன்ன லீவு உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா அப்போது இருந்தாள். நாங்கள் பாறையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தோம். "ஏஞ்சாமி, வக்கீலுக்குப் படிக்கலாம், டாக்டருக்குப் படிக்கலாம். எவனோ ஊரான் கதையப் படிச்சு என்ன பண்றது?" என்று கேட்டாள். நீ பாறையிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளிக் காட்டினாய். "இதுக்காகத்தாம்மா அந்த ஊரே வெள்ளக்காரங்க கண்ணுல பட்டுது. மொளகு வாங்க நம்ம பக்கம் வரலாம்னு கப்பல் ஏறுனவங்க வழி தப்பிப் போயி அங்க எறங்கிட்டாங்க" என்றாய். "மொளகுக்கா? கேட்டிருந்தா நானே ரெண்டு படி குடுத்திருப்பேனே!" என்று அவள் சிரித்தாள். மிளகாயும் மக்காச்சோளமும் புகையிலையும் அந்த மண்ணிலிருந்துதான் இங்கே வந்தன என்று நீ சொன்னபோதோ அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "மொளகா இல்லாம இங்க இருந்தவங்க எப்படிச் சோறு தின்னாங்களாம்? காலேஜுல வெள்ளக்காரன் எதையோ சொல்லி உன்னைய ஏமாத்தறான் சாமி" என்றாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்படி மூன்று பேரும் உட்கார்ந்து சிரித்த நாள் அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

அன்றைக்குத்தான் அந்த நாட்டுக் காட்டுச் சனங்களைப் பற்றியும் சொன்னாய். மரம் வெட்டி, தீ வைத்து, சாம்பல் ஆறியதும் சோளம் ஊன்றுவார்கள். சில வருஷம் எடுத்த பிறகு மண் சலித்துப் போனால் அதை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவார்கள். விட்ட இடத்தில் மறுபடி மரம் வளரும் என்றாய். அடே, நம்மைப் போலத்தான் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அடுத்ததாக நீ சொன்னாய்: கப்பலில் வந்தவர்கள் அந்த விட்ட இடங்களைப் பார்த்து, இங்கே உழுகிறவன் இல்லை, வேலி இல்லை, இது யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்கப்பா, மாமன் நெலமும் இப்படித்தானே போச்சு?" என்று கேட்டாய். நான் "ஆமா கண்ணு" என்றேன். மிளகைப் புரட்டிவிட வேண்டும் என்று எழுந்து பாறையின் அந்தப் பக்கம் போய்விட்டேன். அது புரட்ட வேண்டிய நேரமே இல்லை. நீ கவனிக்கவில்லை, உன் அம்மா கவனித்தாள்.

நீ பத்து வயதிலேயே கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நிலம் ஆறப்போடுகிற முறை உனக்குக் காதால் கேட்டதாகத்தான் இருக்கும். மூன்று வெள்ளாமை எடுத்தால் ஆறேழு வருஷம் ஆறப்போட வேண்டும். ஆறப்போடுவது என்றால் சும்மா விட்டுவிட்டுப் போவதல்ல. நிலத்துக்காரன் குடும்பத்தோடு போய், மேல்மூலையில் ஒரு கல்லை நட்டு, "பெரியசாமி, நீயே வச்சுக்கோ" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அன்று முதல் அது சாமியுடையது. அந்த வீட்டார் அதை என் நிலம் என்று வாயால் சொல்லக் கூடாது. மற்றவர்களும் இன்னாருடைய நிலம் என்று பெயர் வைத்துச் சொல்லக் கூடாது. கொடுத்ததைக் கேட்காமல் பிடுங்குவது போல் ஆகிவிடும். அப்படிச் சொன்னால் எவன் பெயரைச் சொன்னோமோ அவன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று நம்பிக்கை. காலம் முடிந்ததும் சாமியிடம் பூக்கேட்டு, சாமி மேல் வைத்த பூ விழுந்தால் திரும்ப வாங்கிக்கொள்வோம். யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

அளவெடுக்க ஆள் வந்தபோது உனக்கு இரண்டு வயது. எல்லை எல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால் ஊரார் என்னைத்தான் கூட அனுப்பினார்கள். சர்வேயர் ஒல்லியான மனுஷர். மூக்குக்கண்ணாடிக் காலில் ஒன்று உடைந்து நூலால் கட்டியிருந்தார். சங்கிலி இழுக்க நான்கு ஆட்கள், ஒரு பியூன். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து மற்ற உத்தியோகஸ்தர்கள் அடிவாரத்தில் உட்கார்ந்தே எழுதிவிட்டுப் போவார்கள் என்று சொல்வதுண்டு. இவர் ஒவ்வொரு மேட்டையும் ஏறினார். என் நிலத்தில் அப்போது கேழ்வரகு முட்டுக்கால் உயரம் நின்றது. "இது யாருது?" என்றார். "என்ற நெலந்தானுங்க." எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஏறினால் உன் மாமன் சடையனின் நிலம். ஆறப்போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆள் மறைகிற அளவுக்குச் செடி. அந்தச் சுற்றில் அந்த வருஷம் ஆறிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"கவுண்டரே, இது யாருது?"

"சாமியோடதுங்க."

"கோயில் மானியமா?"

"இல்லீங்க. கோயிலுக்கில்லீங்க. சாமிக்கு."

"சாமி பேருல பட்டா எழுத முடியாதுய்யா. இப்ப யாரு வெள்ளாமை பண்றாங்க?"

"யாரும் பண்ணலீங்க."

சங்கிலி ஆட்கள் சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேலே நடந்தார். மத்தியானம் ஓடைக்கரையில் சோற்று மூட்டையை அவிழ்த்தபோது எனக்கும் ஒரு உருண்டை கொடுத்து, இரண்டாம் முறை கேட்டார். "அந்த எடத்துல பழைய தீ வச்ச கட்டை கெடக்கு. எவனோ பயிர் வச்சிருக்கான். யாருன்னு சொல்லு, எழுதிக்கறேன்." நான் உருண்டையை விழுங்கிவிட்டுக் கை கழுவ ஓடைக்குள் இறங்கினேன். சடையன் இருந்திருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பானோ என்னவோ. அவன் ஊரில் இல்லை. உன் அத்தைக்கு ஏழாம் மாசம். முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டதால் இந்த முறை தாய்வீட்டில் விட்டு வைக்கிறேன் என்று மலையின் அந்தக் கோடிக்குக் கூட்டிப் போயிருந்தான். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவன் பெயரை அந்த நிலத்தின் மேல் நான் எப்படிச் சொல்வேன்? பெண்டாட்டியின் தம்பி என்றாலும் எனக்கு அவன் கூடப்பிறந்தவன் மாதிரி.

சாயங்காலம் இறங்கிப் போகும்போது கொஞ்ச தூரம் போனவர் குடையை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார். "கடைசியாக் கேக்கறேன். பேரு இல்லேன்னா அது காட்டிலாகாவுக்குப் போயிடும்யா. அப்புறம் அழுதுக்கிட்டு வராதீங்க. யாராவது ஒருத்தன் பேரைச் சொல்லு. உன் பேரை வேணும்னாலும் சொல்லு." நான் கையைக் கட்டிக்கொண்டு, "யாருதும் இல்லீங்க" என்றேன். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு எழுதினார். கண்ணு, அவர் எழுதியது நான் சொன்னதைத்தான். ஒரு எழுத்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மேட்டிலிருந்து நம் ஊருக்குள் இறங்கியதும், அன்றைக்கு ராத்திரி முதல் அவருக்கே காய்ச்சல் கண்டுவிட்டது. மூன்று நாள் நம் வீட்டில்தான் கிடந்தார். உன் அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். போகும்போது அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நீ அவர் குடையை விரிக்கச் சொல்லி அழுதாய். அவர் தெருத்தெருவாக அவமானப்பட வேண்டும் என்று நீ எழுதிய கடிதத்தைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

இரண்டு மாசம் கழித்து உன் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகமாகப் பிறந்தது. நான் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றியதால்தான் பொன்னி பிழைத்தாள் என்று எனக்குப் பெருமை. அதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துச் சந்தோஷப்பட்டேன். அதே சமயம் செம்மேட்டுச் சந்தையில் பியூன் ஒருவன் சொன்னான்: அளந்த நிலங்களின் பட்டியலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிச் சாவடியில் ஒட்டியிருக்கிறார்கள், ஆட்சேபணை இருந்தால் மாசம் முடிவதற்குள் வந்து சொல்ல வேண்டும். அதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். சடையன் அந்தச் சந்தைக்கு வரவில்லை. பிள்ளை பிறந்த வீடு. நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் என்ன செய்திருப்பானோ அது அவன் பாடு. போய்ச் சொல்ல வேண்டுமென்றால் பெயரைச் சொல்ல வேண்டும், பிள்ளை பச்சை உடம்பு, இப்போது வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீஸ் என்றால் எனக்கு இருந்த பயத்தையும் அதற்குள் சேர்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டேன். என் நிலத்துக்குப் பட்டா வந்தது. நீ படித்ததெல்லாம் அந்த நிலத்தின் வெள்ளாமையில்தான்.

இதுவரை சொன்னது தெரியாமல் செய்த பிழை என்று நீ மன்னித்தாலும் மன்னிப்பாய். இனிமேல் சொல்லப்போவது அப்படி அல்ல. ஐந்து வருஷம் கழித்து, பூக்கேட்டு, பூ விழுந்து, சடையன் அரிவாளோடு போய் நின்றான். நாங்களும் கைகொடுக்கப் போனோம். உனக்கு ஏழு வயது. நீ அவன் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்றாய். அங்கே காட்டிலாகாக் காவலாளி நின்றுகொண்டிருந்தான். இது சர்க்கார் காடு, ஒரு குச்சியை ஒடித்தாலும் கேஸ் என்றான். சடையனுக்குப் புரியவே இல்லை. "ஏனுங்க, வெளையாட்டுக்குச் சொல்றீங்களா? இது ஏழு வருசமா ஆறிக்கிட்டுக் கெடக்குதுங்க" என்றான். காவலாளி பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். "உங்க ஊருக்காரனே சொல்லியிருக்கான்யா, யாருதும் இல்லேன்னு. இதோ இருக்கு." "யாருங்க சொன்னது?" "பேரெல்லாம் இதுல இல்ல."

சடையன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றான். "மச்சான், நீங்கதானே கூட நடந்தீங்க. யாரு சொன்னது?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள், நான்தான் மாப்ள, உன் பிள்ளைக்காகத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் என்னை அடித்திருப்பான், அல்லது காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான். இரண்டில் எதுவானாலும் முடிந்திருக்கும். சுற்றிலும் ஊர் நின்றது. எல்லை மனப்பாடம் என்று பேர் வாங்கினவன் நான். "நான் அப்படிச் சொல்லல மாப்ள. அந்த ஆளா எழுதிக்கிட்டாரு" என்றேன்.

"அதான பாத்தேன். என்ற மச்சான் சொல்லுவாரா?" என்றான் அவன். உடனே நம்பிவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. அந்த நம்பிக்கைதான் இத்தனை வருஷமாக என் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பொய் எழுதின சர்வேயரைக் கூப்பிடு என்று அவன் காவலாளியைப் பிடித்துத் தள்ளியது, காவலாளி பாறையில் விழுந்து மண்டை உடைந்தது, சடையன் மூன்று மாசம் ஜெயிலில் இருந்தது, திரும்பி வந்தவன் யாரோடும் பேசாமல் இருந்தது. கடைசியில், உனக்குப் பத்து வயது ஆகும்போது, உன் அத்தையையும் பொன்னியையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். அவனை வழியனுப்ப நீ பாதை வளைகிற இடம்வரை போனாய். "நீ படிச்சு அந்தக் காயிதத்தை வாசிக்கோணும் மாப்ள. அந்த ஆளு எழுதுன பொய்ய எனக்கு ஒருத்தராச்சும் படிச்சுக் காட்டோணும்" என்று அவன் உன்னிடம் சொன்னது எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று நீ பிடித்த பிடிவாதம்! இரண்டு நாள் சாப்பிடவில்லை. மலையிலிருந்து படிக்கப் போன முதல் பிள்ளை என்று எல்லோரும் உன்னை மெச்சினார்கள். என் பொய்யைப் பிடித்துக்கொண்டு நீ அடிவாரத்துக்கு இறங்கினாய், அங்கிருந்து பட்டணம் போனாய், காலேஜ் போனாய், கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டின் சரித்திரத்தில் போய் நின்றாய். ஒவ்வொரு படியிலும் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஒவ்வொரு படியிலும் பயந்தேன். உன் மாமன் இரண்டாவது மழைக்காலத்தில் அங்கே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சேதி நமக்கு ஒரு மாசம் கழித்துத்தான் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பொங்கல் லீவுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்காகவும் நீ என்னிடம் ஆறு மாசம் பேசவில்லை.

உன் அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. அவளுடைய தம்பி. அவன் செத்த சேதி வந்த அன்று அழுது முடித்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த ஆளு மூணு நாளு நம்மூட்டுல காய்ச்சலோட கெடந்தாரு. பொய் எழுதற மூஞ்சியாங்க அது?" நான் விறகு எடுக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. சாகும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. தெரிந்துகொண்டே எனக்குக் களி கிண்டிப் போட்டாளா, தெரியாமலா என்று இப்போதும் யோசித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

நான் படிக்காதவன். சரித்திரம் எப்படிப் படிக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் புத்தகத்தில் பொய் எழுதி நிலத்தைப் பிடுங்கினவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நீ சொன்னதைக் கேட்டால் சந்தேகமே இல்லை. அவர்களுக்கு நடுவில் எங்காவது ஒருவன், நல்ல மனசோடு மேடேறி வந்து, யாருடையது என்று மூன்று முறை கேட்டிருப்பான். எதிரே நின்றவனும் தன் சனத்துக்கு நல்லது நினைத்து, தன் முறைப்படி உண்மையைத்தான் சொல்லியிருப்பான். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே நிலம் போயிருக்கும். அதற்குப் பிறகு, வீட்டுக்குத் திரும்பினவன் தன் ஆட்களிடம் என்ன சொன்னான் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. என்னைப் போல ஒருவன் அங்கேயும் இருந்திருப்பான் என்று தோன்றுகிறது. நீ அந்த நாட்டுக்குப் போனால் அவனையும் தேடு. திட்டுவதற்காகத் தேடினாலும் சரி.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். சர்வேயர் பொய் எழுதினார் என்றால் மனு நிற்கும். உங்கள் ஆளே சொன்னான் என்றால் கலெக்டர் தூக்கி எறிந்துவிடுவார். பொன்னிக்குக் கிடைக்க இருந்த நிலம் இந்தக் கிழவனால் இரண்டாம் தடவையும் போகிறது. இருக்கலாம். இங்கே பேனா பிடித்திருக்கிற கம்பவுண்டரும் அதைத்தான் சொல்கிறார்: "கைநாட்டை வச்சுருங்க, அந்தாளு கெழவன், என்ன ஆயிடப் போவுது?" என்கிறார். அதையும் எழுதுங்கள் என்று நான் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதுகிறார். அவர் சொல்வது போலச் செய்ய எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நான்கு நாள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பிப் பழம் பறித்துப் பறித்துப் பொன்னியின் விரல்கள் வெடித்திருப்பதாக நீ எழுதியிருந்தாய். அதை நினைத்தால் கை தானாக மைக்குப் போகிறது. ஆனால் சடையனிடம் நான் சொன்ன பொய் வாயோடு போனது. இதைக் காகிதத்தில் வைத்தால், நாளைக்கு இந்த மலையின் சரித்திரத்தை யாராவது உன்னைப் போல உட்கார்ந்து படிக்கும்போது அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். அதுவும் உன் கையெழுத்தில்.

ஆகையால் மனுவைக் கிழித்துவிட்டு வேறு மனு எழுது. நிலம் ஆறப்போடுகிற முறையை எழுது. பெயர் சொல்லக் கூடாது என்பதை எழுது. கேட்டவர் நியாயமாகக் கேட்டார், சொன்னவன் இன்னான், உன் தகப்பன், என்று என் பெயரைப் போட்டு எழுது. கலெக்டர் கூப்பிட்டால் வந்து நிற்கிறேன். முழங்காலைச் சாக்குச் சொல்ல மாட்டேன். எல்லையையும் எழுதிக்கொள். கிழக்கே, வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற சின்ன ஓடை. வடக்கே, பன்றி முதுகு போல வளைந்த பாறை. அதன் மேல் ஒரு குழி, அதில் மழைத்தண்ணீர் நிற்கும். மேற்கே, இரண்டு ஈட்டி மரங்கள். ஒன்று இடி விழுந்து பட்டுப்போனது, அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கும், தோண்டினால் தெரியும். தெற்கே, என் நிலத்தின் கல்வரப்பு. இந்த நான்குக்குள் அடங்கியது சடையனின் நிலம். அவனுக்கு முன்னால் அவன் அப்பன் நிலம். பூ விழுந்தும் கைக்கு வராமல் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிற நிலத்தின் மேல் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆகாதது ஏதாவது வந்தால் அது என்னோடு போகட்டும்.

சர்வேயர் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வா. அவர் வாசலுக்கே போய்த் திட்டுவேன் என்றும் எழுதியிருந்தாய் அல்லவா, அதே கால்களோடு போ. கஷாயம் வைத்துக் கொடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் அவருக்கு நினைவு வந்தாலும் வரும். என் மேல் உனக்கு வருகிற கோபத்தைக் குறைத்துக்கொள் என்று நான் கேட்கவில்லை. பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். அமெரிக்காவுக்குப் போகிற யோசனையை மட்டும் இதற்காக விட்டுவிடாதே. நீ படிக்கத் தொடங்கிய காரணம் பொய்யாக இருந்தாலும் நீ படித்தது பொய்யில்லை.

உன் அத்தைக்கும் பொன்னிக்கும் இதை நீ சொல்ல வேண்டாம். கடிதத்திலும் எழுத வேண்டாம். உனக்குத்தான் காகிதத்தில் சொல்ல முடிந்தது. அவர்களுக்கு அப்படிச் சொல்வது தப்பித்துக்கொள்வதாகும். மாசி கழிந்து பனி குறைந்ததும் நானே மெதுவாக இறங்கி ஏற்காட்டுக்குப் போகிறேன். கேட்ட பிறகு உன் அத்தை உள்ளே கூப்பிட மாட்டாள். வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அப்பா